நெளியாமல் நின்றவன்
செம்பாக்கம் ஏரிக்கரையில் இன்று காலை வீசிய விரால் வாடை, இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்று இருந்த கீற்றுக்கொட்டகை ட்யூஷனுக்கு என்னைக் கொண்டுசென்றது. ஆங்கில வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாணவனை எழுப்பி நிறுத்தி, அவனையே எழுவாயாக வைத்து மற்றவர்கள் வாக்கியம் சொல்ல வேண்டும் என்பது அங்கே மாஸ்டரின் வழக்கம். நெளிவதைக் குறிக்கும் 'ரிகிள்' வந்த அன்று, விடியலில் அப்பாவோடு ஏரியில் வலை இழுத்துவிட்டு வந்திருந்த என்னை எழுப்பினார். "இன்னாடா ஏரி மீனு, நெளிஞ்சினு கீறியா?" என்று எங்கள் வீட்டுப் பேச்சைப் பழித்தார். புழுவாய், பாம்பாய், விராலாய் நான் நெளிவதாக வாக்கியங்கள் வரிசையாக வந்தன, கொட்டகையே சிரித்தது, ஈரக் கால்சட்டை தொடையில் ஒட்ட, நான் அசையாமல் நின்றேன்.

பின்னர் அதே ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றேன். சென்ற வாரம் அந்த மாஸ்டருடைய மகன் என் வீட்டுக்கு வந்து, "சார், அப்பா நினைவு மலருக்கு நீங்கதான் நல்லதா நாலு வரி எழுதிக் குடுக்கணும்" என்றார்.

எழுதிவிட்டேன், அது இதுதான். ஒரு சொல்லையும் மாற்றாமல் அச்சிடட்டும். மலர் வெளியீட்டு மேடையில் இதை அந்த மகனே வாசிக்கட்டும். நான் முன்வரிசையில் அசையாமல் அமர்ந்திருப்பேன்.