ஆணியில் தொங்கும் கோப்பை

சாவகச்சேரியில் என் அக்கா வீட்டு முன்மண்டபத்துச் சுவரில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு பழைய எனாமல் கோப்பை தொங்குகிறது. சோறு சாப்பிடுகிற கோப்பை. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கரை. ஒரு பக்கத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்துப் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசிமார் வீடுகளில் அந்த இடத்தில் வேறொன்று இருக்கும். வீட்டுக்காரர் கறுப்புக் கோட்டுடன் நடுக் கதிரையில் அமர்ந்திருக்க, பிறக்கிராசிமார் சங்கத்து அங்கத்தவர்கள் இரு பக்கமும் நிற்கும் படம். ஒருமுறை தலைவராக இருந்தவர் வீட்டில் அந்தப் படம் சாமி படத்துக்கு அடுத்த மரியாதையோடு இருக்கும். என் அத்தானுக்கு அந்தப் படம் கிடைக்கவில்லை. இந்தக் கோப்பையால்தான் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதைப் பார்த்தால் முதலில் எனக்குக் கோபந்தான் வரும்.

சட்டத்தரணி என்ற சொல் அப்போது எங்கள் பக்கத்தில் அவ்வளவாக வழங்கவில்லை. நீதிமன்றம் எங்களுக்குக் கோடு; பெரிய கோட்டில் வாதாடுகிறவர் அப்புக்காத்து. வழக்கை எடுத்து, எழுதி, ஊர்க் கோட்டில் பேசுகிறவர் பிறக்கிராசி. அத்தான் பெயர்போன பிறக்கிராசி. நானும் பிறக்கிராசிதான், பெயர் போகாத பிறக்கிராசி. முப்பதுகளின் நடுப்பகுதி அது. கோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு அறையில் எங்கள் சங்கம் இருந்தது. ஒரு நீள மேசை, இருப்பதற்குக் கால் ஆடும் வாங்குகள், தலைவருக்கு மட்டும் கைபிடி வைத்த கதிரை. அத்தான் அந்தக் கதிரைக்கு ஆசைப்பட்டார். ஆசையை மறைக்கவும் இல்லை. பழைய தலைவர் முடியாமல் விலகப் போகிறார் என்று தெரிந்ததுமே யாழ்ப்பாணம் போய்ப் புதுக் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். அக்கா அவருக்கும் ஒருபடி மேல். படம் மாட்டுவதற்கென்று மண்டபத்துச் சுவரில் ஆணியே அடிப்பித்து வைத்துவிட்டாள்.

அதற்கு முந்தின வருடம் சங்கத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. பஸ் வந்து நிற்கிற இடத்தில் அப்போதெல்லாம் சிலர் காத்திருப்பார்கள். வேலிக் கதியாலைப் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டான் என்று காணி உறுதிப் பத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு மனிதர் இறங்கினால் போதும், இரண்டு பேர் இரண்டு கையையும் பிடிப்பார்கள். ஆளுக்கொரு பிறக்கிராசியிடம் இழுப்பார்கள். இப்படி வழக்குப் பிடித்துத் தருகிறவர்களுக்குக் காசு கொடுக்கிற எவரும் சங்கத்தில் பதவி வகிக்கக் கூடாது என்பதுதான் தீர்மானம். கொண்டுவந்தவர் கோப்பாய்ப் பிறக்கிராசியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவர், அளந்து பேசுகிற மனிதர். எல்லோரும் கை உயர்த்தினோம். அத்தானுடைய கைதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் நின்றது.

அத்தானிடம் அச்சுவேலியார் என்று ஒருவர் வந்து போவார். புகையிலை வியாபாரத்தில் நொடித்து, தன் ஊரில் முகம் கொடுக்க முடியாமல் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர். காலையில் பஸ்ஸடியில் நிற்பார். ஆளைப் பார்த்தே இது காணி வழக்கு, இது அடிபிடி வழக்கு என்று சொல்லிவிடுவார். கோடு நடக்கிற நாட்களில் யாரையாவது அழைத்துக்கொண்டு வந்து அத்தான் முன்னால் இருத்திவிட்டு, நேரே குசினிப் பக்கம் போவார். அங்கே அவருக்கென்று இந்த நீலக் கரைக் கோப்பை இருந்தது. நல்ல சாப்பாட்டுக்காரர், வாயும் உள்ளவர். "பிள்ளை, பருப்புக்கு உப்புக் காணாது" என்று அக்காவிடமே சொல்லுவார். அக்கா முணுமுணுத்துக்கொண்டு உப்பை எடுத்து வைப்பாள். அத்தான் அவருக்கு ஒரு சதம் கொடுத்தது கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீடு தேடி வந்த மனிதருக்குச் சோறு போடுவதை எங்கள் ஊரில் யாரும் கொடுக்கல் வாங்கல் என்று நினைப்பதில்லை.

தலைவர் தெரிவுக்கு அத்தானும் கோப்பாயாரும் நின்றார்கள். மூப்பும் ஆதரவும் அத்தானுக்குத்தான். ஆனால் தெரிவுக்கு முந்தின கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அச்சுவேலியார் யாருடைய ஆள் என்று சபை அறிய வேண்டும் என்றார். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னிடம் வருகிற கட்சிக்காரருக்கு அவர் எப்போதும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "சாட்சியாலை வெல்லு, உறுதியாலை வெல்லு, சத்தியத்துக்கு மட்டும் போகாதை." எங்கள் கோட்டில் அது பெரிய வழக்கம். சாட்சி இழுபட்டால், ஒரு கட்சி கோயிலில் கர்ப்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணட்டும், அதோடு வழக்கு முடியட்டும் என்று இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும். அந்தச் சத்திய வாசகத்தை எழுதுவது பிறக்கிராசிமார். ஊருக்கெல்லாம் வேண்டாம் என்று சொன்ன மனிதர் அன்றைக்குத் தானே மேசையில் அடித்து, "எந்தக் கோயிலெண்டு சொல்லுங்கோ, நான் சத்தியம் பண்ணுறன்" என்றார்.

வாசகத்தைக் கோப்பாயார் எழுதினார். "வழக்குப் பிடித்துத் தருவதற்காக நான் எவருக்கும் காசு கொடுத்ததில்லை." அவ்வளவுதான். நல்ல பிறக்கிராசியின் வாசகம். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தான் மனதாரச் சொல்லக்கூடியது. அதற்காகத்தான் அவர் அப்படி எழுதினார் என்று இப்போது நினைக்கிறேன். சனிக்கிழமை காலை வைரவர் கோயிலில் சத்தியம், அதன்பின் சங்க அறையில் தெரிவு என்று முடிவாயிற்று.

அன்று காலை நான் அத்தானை அழைத்துப் போக வீட்டுக்கு வந்தேன். அவர் கிணற்றடியில் தலைமுழுகி, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி சால்வையோடு மண்டபத்தில் நின்றார். மிகவும் உற்சாகமாக இருந்தார். புதுக் கோட்டு கதிரையில் மடித்துக் கிடந்தது, கோயிலால் வந்து போடுவதற்கு. அக்கா குசினிக்குள்ளிருந்து சுளகோடு எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கோடு இல்லையெல்லோ. அச்சுவேலியாருக்கு அரிசி போடத் தேவையில்லைத்தானே?"

எல்லாச் சனிக்கிழமையும் கேட்கிற கேள்விதான். கோடு இல்லாத நாளில் அச்சுவேலியார் வந்து நின்றால் ஒரு மூக்குப்பேணி தேத்தண்ணியோடு அனுப்பிவிடுவார்கள். சால்வையைத் தோளில் போடப் போன அத்தானின் கை அப்படியே நின்றது. "நேரமாகுது அத்தான்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

சங்கத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். கோப்பாயார் மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே, வேம்பின் கீழே, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். ஐயர் தட்டில் கர்ப்பூரத்தைக் கொளுத்தி நீட்டினார். வாசகத்தை வாசித்தார்கள். அத்தான் கையை உயர்த்தினார், பிறகு இறக்கினார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"காசு குடுக்கேல்லை. ஆனால் சோறு குடுத்தனான். கோட்டு நாளிலையெல்லாம் குடுத்தனான். அந்தச் சோத்துக்கு அவர் எனக்கு ஆள் கொண்டு வந்தவர். அதை விட்டிட்டுச் சத்தியம் பண்ண என்னாலை ஏலாது."

எங்கள் ஆதரவாளர் ஒருவர் பதறிப்போய், "சோறு போடுறது கூலியோ? அது தருமமெல்லோ" என்றார்.

"தருமமெண்டால் கோடு இல்லாத நாளிலையும் போட்டிருக்க வேணும்" என்றார் அத்தான்.

கர்ப்பூரம் எரிந்து முடிந்தது. வெளியே வந்தபோது கோப்பாயார் அவருக்குக் கிட்டப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் எழுதின வாசகத்துக்கு நீர் சத்தியம் பண்ணியிருக்கலாம். ஒரு பொய்யும் இல்லை."

"ஓம். அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது."

கோப்பாயார் தெரிவைத் தள்ளி வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தார். அத்தான் சம்மதிக்கவில்லை. சங்க அறையில் கை உயர்த்தச் சொன்னபோது அத்தானுக்கென்று உயர்ந்தவை என் கையும் இன்னும் ஓரிரண்டும்தான். மற்றவர்கள் எல்லாம் மிகவும் நேர்மையான முகத்தோடு கோப்பாயாருக்குக் கை உயர்த்தினார்கள். உயர்த்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அவர்களில் எத்தனை பேருடைய குசினியில் இன்னொரு கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் இருக்கவில்லை. அதற்கு என் நேர்மை காரணமில்லை. என்னிடம் ஆள் கொண்டுவந்து பயனில்லை என்று பஸ்ஸடி அறியும்.

திரும்பி வரும் வழியில் நான் அவரோடு சண்டை பிடித்தேன். உலகத்தில் இல்லாத அரிச்சந்திரனோ நீங்கள், அக்கா ஆணியும் அடிப்பித்துப்போட்டுக் காத்திருக்கிறாள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் புதுக் கோட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அக்காவைக் கூப்பிட்டார். "இனிமேல் எல்லா நாளும் அச்சுவேலியாருக்கும் சேத்து உலை வை" என்றார். மத்தியானம் அச்சுவேலியார் வந்தபோது அவரிடமும் சொன்னார்: "நீர் எப்பவும் போலை சாப்பிட வாரும். ஆக்களை மட்டும் கொண்டு வராதையும்." அச்சுவேலியார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் காலமை கொஞ்சம் பிந்தி எழும்பலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோப்பையைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்திருப்பேன்.

அதன்பின் அத்தானிடம் வந்த வழக்குகள் குறைந்தன. வீடு இருண்டு போகவில்லை. ஆனால் அக்காவின் கையில் காப்பு ஒன்று இல்லாமல் போனது. உலக யுத்தம் வந்து அரிசி கூப்பனுக்குப் போன காலத்தில் எங்களுக்கே பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற்பிட்டும் குரக்கனுந்தான். அப்போதும் அச்சுவேலியார் நாள் தவறாமல் வந்தார். உப்புக் காணாது என்றும் சொன்னார். மண்டபத்துச் சுவரில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கச் சொல்லி நான் எத்தனையோ தரம் சொன்னேன். அது இருக்கிற இடத்திலே இருக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

யுத்தம் முடிகிற தறுவாயில் அச்சுவேலியார் காய்ச்சலில் இறந்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கடைசிவரை அவர் அத்தானிடம் ஒரு வழக்கும் கொண்டுவரவில்லை. அத்தான் போய்க் கொள்ளிக்கு விறகு முதற்கொண்டு பார்த்துவிட்டு வந்தார். குளித்துவிட்டுக் குசினிக்குள் போய் அந்தக் கோப்பையை எடுத்தார். விளிம்பில் ஆணியால் துளை போட்டார், கம்பி கோத்தார். மண்டபத்துக்குக் கொண்டுபோய் வருடக்கணக்காய் வெறுமனே நின்ற அந்த ஆணியில் மாட்டினார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாறவை இதென்னெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"என்ரை படம் எண்டு சொல்லு" என்றார் அத்தான்.

அவர் போய்ச் சேர்ந்தும் நீண்ட காலமாகிவிட்டது. போன மாதம் நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது, சங்கத்தின் புதுத் தலைவர் வந்தார். இளம் பிள்ளை. தெரிவுக்கு முதல்நாள் எல்லோருக்கும் ஆட்டிறைச்சி விருந்து வைத்து வென்றவர் என்று ஊரில் கதை. பழைய அங்கத்தவர்களின் படங்களை வாங்கிச் சங்க மண்டபத்தில் மாட்டப் போகிறாராம். ஐயாவின் படம் ஒன்று வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் கையைச் சரியான பக்கம் நீட்டினாள்.

"அந்தா ஆணியிலை தொங்குது, தம்பி. அதுதான் அவரின்ரை படம். வேணுமெண்டால் கொண்டு போங்கோ."

அந்தப் பிள்ளை கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வந்து வாங்குகிறேன் என்று சொல்லிப் போனார். கோப்பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.