ஒற்றைத் தும்மல்

விடிந்ததும் மூக்கினுள் ஒரு குறுகுறுப்பு. பிறகு தும்மல். கண் சிவந்து நீர் கொட்டும். கல்யாணமாகி அடி அண்ணாமலை கிராமத்துக்கு வந்த முதல் வருடமே, தொண்ணூறுகளின் நடுவில், இது என்னைப் பிடித்துக்கொண்டது.

என் கணவர் பஸ் டிரைவர். டிரைவர் வீட்டில், கிளம்பும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் என்றால் சும்மாவா? மாமியார் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அனுப்புவார். இரட்டைத் தும்மல் நல்ல சகுனமாம். அதனால் ஒன்று வந்தால் நானே வலிய இன்னொன்று தும்முவேன். பாழாய்ப்போன மூன்றாவது தானாக வந்துவிடும். நான்காவதற்கு நான் முக்கிக்கொண்டிருக்க, அவர் அடுத்த டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அவர் ஓட்டிய பஸ் ஒரு மாட்டு வண்டியை உரசிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் மாமியார், "அவன் கெளம்பற நேரத்துல நீ தோட்டத்துப் பக்கமே இரும்மா. தப்பா நெனைக்காத" என்றார்.

தப்பாகத்தான் நினைத்தேன். அழுதேன். யாரும் கவனிக்கவில்லை, எப்போதும் ஒழுகுகிற கண்தானே.

மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரை தும்மலோடு சேர்த்து என்னையும் நிறுத்தியது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

பிறகு டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"இது சளி இல்லைங்க, அலர்ஜி, அதாவது ஒவ்வாமை. தூசி பட்டா உங்க உடம்பே ஹிஸ்டமின்னு ஒண்ண ஜாஸ்தியா விடுது. அத தடுக்கற மாத்திரை இது. புதுசு. தூக்கம் கம்மியாதான் வரும்."

"என் தும்மலால அவருக்கு எதுனா ஆவுமாங்க?"

"உங்க மூக்குக்கு பஸ் ஓட்டத் தெரியாதுங்க."

மறுநாள் காலை இரண்டு நாசியிலும் மூச்சு சத்தமில்லாமல் போய்வந்தது. பிரமித்து உட்கார்ந்துவிட்டேன். பருப்பளவு மாத்திரை. வயிற்றுக்குள் போனது மூக்கையும் கண்ணையும் எப்படித் தேடிக் கண்டுபிடித்தது? இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

இது நோயை வேரோடு பிடுங்காது. தூசி கிளம்பும் நாட்களில் எனக்கு இப்போதும் வேண்டியிருக்கிறது. உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லட்டும். வண்டி ஓட்டுபவர்கள் தூக்கம் வருமா என்று கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, அவர் கிளம்பும் நேரத்தில் யாரையும் கேட்காமல் வாசலுக்கு வந்து நின்றேன். மாமியார் என் மூக்கையே பார்த்தார். நானும் பயந்துகொண்டே காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

என் கணவர் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கண்ணை நீர் மறைக்காமல், தெருமுனை வரைக்கும் அவரைப் பார்த்தது அன்றுதான். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடக்கிறார். அதுவரை எனக்குத் தெரியாது.