ஈயம் பட்ட பொன்

மதினியின் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. நாற்பது பக்கம், அட்டையில் வாய்ப்பாடு அச்சடித்தது. நடுப் பக்கங்களில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குக் கருகிய ஓட்டை. ஊதுகுழலின் சுடர் ஒருநாள் வழிதவறிப் பட்ட இடம். உள்ளே அவள் கையெழுத்து, பேசுகிறபடியே எழுதிய தமிழ். 'மெழுக இடியாப்ப உரல்ல பிழிஞ்சது. நூல் மாதிரி வந்துச்சு. அத்தை திட்டினாங்க.' இன்னொரு பக்கத்தில், 'அவிச்ச முட்டையோட வெள்ளிய மூடி வச்சது. கறுத்துப்போச்சு. மேல தேச்சா பள்ளத்துல மட்டும் கறுப்பு நிக்குது. நல்லா இருக்கு. முட்டைக்கும் அத்தை திட்டினாங்க.' அந்தக் கொப்பி முழுக்கப் பரிசோதனைகளும் என் அம்மாவிடம் வாங்கிய திட்டுகளும்தான்.

மதினி என் அண்ணனின் மனைவி. பதுளை நகரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அண்ணனின் நகைப்பட்டறை. அப்பா இறந்த பிறகு அவன் தனியாகவே நடத்திவந்தான். மதினி நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கும் தச்சர். பலகையும் ஆணியும் தகரப் பட்டியும் கிடக்கும் இடத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, கைக்கு எது கிடைத்தாலும் அதை வளைத்துப் பார்க்காமல் அவளால் சும்மா இருக்க முடியாது. கல்யாணமாகி மூன்று மாதத்தில், தனக்கும் வேலை கற்றுத்தரச் சொல்லி அண்ணனைக் கேட்டாள். அவன் விளையாட்டு என்று நினைத்துச் செப்புக் கம்பியில் ஒரு துண்டைக் கொடுத்தான். மறுநாள் காலை அது கொழுந்துக் கூடையின் கயிற்றுப் பின்னலாக முறுகி, ஒரு மோதிரமாகி, அவன் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணன் அதை எடுத்துத் தன் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தான். பிறகு அவன் சிரிக்கவில்லை.

சண்டை வந்தது அம்மாவிடமிருந்துதான். நெருப்பும் பொன்னும் ஆண்பிள்ளை வேலை என்பது அவள் கட்சி. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள்: செம்போ பித்தளையோ எதை வேண்டுமானாலும் போட்டு உருட்டட்டும், ஆனால் வாடிக்கைக்காரர் நகையில் மருமகள் கையால் ஒரு குறை வந்தால் அன்றைக்கே பட்டறையை விட்டு எழுந்துவிட வேண்டும். மதினி யோசிக்கக்கூட இல்லை. "சரிங்க அத்தை" என்றாள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த 'சரி'யை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்குத்தான் பயமாக இருந்தது.

அடுத்த ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. மாவு சலிக்கும் சல்லடையில் செப்புத் தகட்டை வைத்துத் தட்டினால் அதில் புள்ளிப் புள்ளியாகத் துணி நெசவு விழுந்தது. புளித் தண்ணீரில் ஊறிய செம்பு இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. மழை விட்ட பிறகு தகரக் கூரையின் ஓரத்தில் விழலாமா வேண்டாமா என்று தொங்கும் துளியைப் பார்த்துக்கொண்டே சோற்றைக் கருகவிட்டாள். அந்தத் துளி வெள்ளியில் தோடாக வந்தபோது லுணுகலையிலிருந்து வந்த ஒரு கங்காணியின் மனைவி அப்போதே காதில் போட்டுக்கொண்டு போனாள். மதினி தன் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்துச் சுருட்டிக் கொண்டுவருவாள். ஈயம் சும்மா கிடைக்கும், அடுப்பிலேயே உருகும். உண்மையான கொழுந்து ஒன்றை நனைந்த களிமண்ணில் அழுத்தி எடுத்து, மண் நன்றாகக் காய்ந்ததும் அந்தப் பள்ளத்தில் ஈயத்தை ஊற்றுவாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் நரம்போடு வரும். எனக்கு அதெல்லாம் மந்திரம் மாதிரி இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவருக்குப் பதுளையிலேயே கல்யாணம் நிச்சயமானது. தாலி செய்யும் வேலை அண்ணனுக்கு வந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கு. விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, உறவினர் சூழ்ந்திருக்க, அவர்கள் கொடுத்த தங்கக் காசை ஆசாரி அங்கேயே புதிய மூசையில் இட்டு உருக்க வேண்டும். உருகி ஆறிய பொன்னைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்யவேண்டும். வேறு பொன் ஆகாது. அண்ணன் எல்லாம் முறையாகச் செய்துவிட்டு, பொன்னை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துவந்தான். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது.

அன்று பிற்பகலில் பொன்னை மறுபடி உருக்கி, பாளம் வார்க்கும் இரும்பு அச்சில் ஊற்றினான். ஆறியதும் அடைகல்லில் வைத்துத் தட்டினான். மூன்றாவது அடியில் பாளத்தின் ஓரம் வெடித்தது. இன்னொரு அடி அடித்தான். காய்ந்த வெல்லக்கட்டி உடைவதுபோலக் குறுக்கே இரண்டாகப் போனது. தங்கம் அப்படி உடைந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. காசு நல்ல காசு, மூசை புதிது, எங்கே பிழை என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு மெல்ல எழுந்து பெட்டியைத் திறந்து, அதே எடைக்குத் தன்னிடமிருந்த நல்ல தங்கத்தை எடுத்தான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்கே புரிந்தது. தாலியைப் பார்க்கிறவர் யாருக்கும் அது எந்தப் பொன் என்று தெரியப்போவதில்லை.

மதினி உடைந்த துண்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முறிந்த இடம் மஞ்சளாக இல்லை, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. அச்சைத் திருப்பி உள்மூலையை நகத்தால் சுரண்டினாள். நகத்தில் வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் கண்டேன்.

"என்னங்க, அதை வையுங்க. இது என் ஈயம்."

நான்கு நாள் முன்பு தகடு தட்டுவதற்காக அந்த அச்சில்தான் ஈயத்தை வார்த்திருக்கிறாள். நன்றாகத் துடைத்துத்தான் வைத்தாள். ஈயம் அப்படித் துடைத்துப் போகிற சாமான் இல்லை என்பதும், ஒரு துளி பட்டாலே பொன் நொறுங்கிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், அவள் அச்சைத் தொடுவாள் என்றுதான் அவனுக்குத் தெரியாது. அவன் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அம்மா காதில் விழவேண்டாம், மாற்றிவைத்துவிடுவோம், இதோடு முடிந்துவிடும் என்றான். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான்.

"அவங்க வெளக்கேத்திக் கும்பிட்ட பொன்னுங்க. வேற வைக்கக்கூடாது. என் எடம் போனா போவுது."

அம்மா அப்போதே கதவோரம் நின்றுகொண்டிருந்தாள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

பழைய ஆசாரிமார் வெடியுப்பும் வெண்காரமும் போட்டு ஈயத்தை எரித்தெடுப்பார்கள் என்று அப்பா சொன்னது அண்ணனுக்கு நினைவிருந்தது, செய்து பார்த்ததில்லை. என்னைக் கடைவீதிக்கு விரட்டினான். முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் வெடியுப்பு வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். புதிய மூசையில் பொன்னை உருக்கி உப்பைத் தூவினார்கள், சீறிப் புகைந்தது. மேலே படிந்த கசடை ஒதுக்கி, துடைத்த தரைக்கல்லில் ஊற்றித் தட்டினால் மறுபடி வெடிப்பு. இரண்டாவது தடவை ஓரத்தில் மட்டும் மயிரிழை போல ஒரு கீறல். ஊதுகுழலை இப்போது மதினி வாங்கிக்கொண்டாள். ஒன்றரை வருடம் கண்டதையும் உருக்கிய மூச்சு அது, சுடர் ஒரு நூல் அசையவில்லை. மூன்றாவது தடவை அண்ணன் சுத்தியலை இறக்கியபோது பொன் வெடிக்காமல் அகலமாக விரிந்துகொடுத்தது. அவன் அடித்துக்கொண்டே போனான். மதினி அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

அன்று மாலையே இருவரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாயாரிடம் அண்ணன் நடந்ததைச் சொல்லத் தொடங்கித் திணறினான். மதினி முன்னால் வந்து, தன்னால் கெட்டது, மூன்று முறை உருக்கித் தேற்றியது, தீயில் சிறிது குறைந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"வேற பொன் கலக்கேல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லைங்கம்மா. ஒரு பொட்டுக்கூட இல்லைங்க."

"அப்ப அது எங்கட பொன்தான். செய்யுங்கோ."

இன்றைக்கு நகைக்கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாம் பளபளக்கிறது. விற்கிற பிள்ளைகள் தரத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். எங்கே உடைந்தது, எப்படித் தேறியது என்று ஒருவரும் சொல்வதில்லை. அவர்களால் சொல்லவும் முடியாது. உடைத்தவர் யாரென்று அவர்களுக்கே தெரியாது. மதினியைப்போலச் சொல்லக்கூடிய ஒருவர் கையால் செய்ததைத்தான் நான் நம்பிக் கழுத்தில் போடுவேன். இந்த வயதில் இந்தப் பிடிவாதத்தை விடுகிற எண்ணம் எனக்கில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலை மதினி பட்டறைக்குப் போகவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் முன்னறையில் தனியாகத் தாலியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவனுக்கு அம்மாவிடம் வாய்திறக்கத் தைரியமில்லை, எனக்கும் இல்லை. அம்மா பின்பக்கத்து விறகுக் கொட்டிலில் எதையோ இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத் தலையெல்லாம் தூசியாக உள்ளே வந்து, மதினியின் மடியிலிருந்த கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கொட்டில காலி பண்ணிட்டேன். ஒன் ஈயமெல்லாம் இனி அங்க. பொன்னு முன்னறையில. ரெண்டுக்கும் ஒரே அச்சு, ஒரே சுத்தியல்னு பார்த்தேன், கைய ஒடிச்சிருவேன்" என்றாள். மதினி அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாடி பாக்குற? அவன் தனியா கெடந்து அடிக்கிறான். எந்திரிச்சுப் போ."