கல்லாகிப் போன கால்வாய்

எர்ணாவூரில் லூர்தோடு பேசாதவர்களைத் தேட வேண்டியதில்லை. பேசுகிறவர்களைத்தான் தேட வேண்டும். டீக்கடைக்காரரோடு சர்க்கரைக்காகச் சண்டை. ஷேர் ஆட்டோக்காரரோடு ஹாரனுக்காகச் சண்டை. பங்குச் சாமியாரோடு, பிரசங்கம் நீளம் என்று சண்டை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், மேஸ்திரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தார். அப்புறம் அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் அறுக்கிற பட்டறையில் சில வருஷம். அங்கும் முதலாளியின் சட்டையைப் பிடித்ததோடு வேலை முடிந்தது. கடைசியில் மிஞ்சியது மனைவி ஜானட்டும், அவள் தாய் வீட்டிலிருந்து ஓட்டிவந்த ஜோடி எருமையிலிருந்து பெருகிய கொட்டகையும்தான். எருமைகளோடு மட்டும் லூர்து சண்டை போட்டதில்லை, அவை திருப்பிப் பேசாததால் இருக்கலாம்.

கொட்டகையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வைக்கோல் பரப்பினால் எருமை அதையும் தின்றுவிடும். அதனால் அனல்மின் நிலையம் கொட்டிவைத்த சாம்பல் மேட்டிலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளிவந்து தரையில் கொட்டுவார். மூத்திரத்தைச் சாம்பல் குடித்துவிடும், சாணி ஒட்டாமல் கையோடு வரும். பொன்னேரித் தோட்டக்காரர் ஒருவர் வண்டி கொண்டுவந்து சாணியை ஏற்றிப் போவார். தரையைக் கழுவிவிட்ட சாம்பல் தண்ணீர் மட்டும் பக்கத்துச் சுவரோரச் சிறு கால்வாயில் ஓடும்.

அந்தச் சுவர் ராசையா அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். வீட்டோடு கொடோனும் வைத்திருந்தார். கால்வாய் நாற்றத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வே, உம்ம மாட்டு மூத்திரத்துல எம் பருப்பு மூடையெல்லாம் நாறுது. கழுவி விடுததுக்கு எஞ்செவுரு ஓரந்தான் கெடச்சுதா?"

"கால்வா இன்னா உன் தாத்தா வெட்னதா? நேத்து வந்துட்டு என் ஊர்ல சட்டம் பேசறியா? போய்க்கினே இரு."

அன்றோடு பேச்சு முறிந்தது. அண்ணாச்சி மாநகராட்சியில் புகார் கொடுத்தார். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து, சாணித் தண்ணீர் தெருவில் தேங்கி இன்னொரு புகார் வந்தால் எருமைகளை வண்டியில் ஏற்றிவிடுவோம் என்று ஜானட்டிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். எருமை போனால் பால் போச்சு, பால் போனால் அடுப்பு எரியாது. ஜானட்டுக்கு அன்று முதல் தூக்கம் போயிற்று. லூர்துக்கோ கோபம்தான் ஏறியது. இனி அந்த ஆள் வீட்டுப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்ப மாட்டேன் என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்தார்.

ஆனால் சத்தியத்தையும் மீறி ஒன்றைப் பார்த்துவிட்டார். நாற்றம் தாளாமல் அண்ணாச்சி வீட்டார் தினம் சுவர் மேலிருந்து கால்வாயில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் பட்டறையில் அவர் கைகள் பிசைந்ததெல்லாம் அதைத்தானே! சாம்பல், சுண்ணாம்பு, தண்ணீர். மூன்றும் சேர்ந்து சும்மா கிடந்தால் கல்லாகிவிடும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லூர்து சொல்லவில்லை. அண்ணாச்சியின் கொடோன் பள்ளத்தில் இருந்தது. மழை வந்து கால்வாய் அடைத்தால் தண்ணீர் அங்கேதான் பாயும், பருப்பு மூட்டை எல்லாம் ஊறி நாறட்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சாம்பலைக் கழுவிவிட்டார். இதைக் கெட்ட புத்தி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஐப்பசி மழை கொட்டியது. கால்வாய்த் தண்ணீர் நகரவில்லை. கொடோன் பக்கமும் போகவில்லை. கோடையிலேயே அண்ணாச்சி மண் அடித்துத் தரையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டிருந்தார். தெருவுக்கே தெரிந்த சேதி அது. அந்தப் பக்கம் திரும்பாத லூர்துக்கு மட்டும் தெரியவில்லை. தண்ணீர் கொட்டகைக்குள் திரும்பியது. குவித்திருந்த சாணியெல்லாம் கரைந்து தெருவில் வழிந்தது. கன்று வயிறு வரை சகதியில் நின்று கத்தியது. உயர்ந்த தரையில் நின்றபடி அண்ணாச்சி போனைக் காதில் வைத்திருந்தார்.

ஜானட் கடப்பாரையோடு கால்வாயில் இறங்கிக் குத்தினாள். டங்கென்று கை அதிர்ந்தது. குனிந்து தடவிப் பார்த்தாள். பட்டறைக்குச் சோறு எடுத்துப் போனவள் அவள். அந்தச் சாம்பல் நிறக் கல்லை அவளுக்குத் தெரியாதா?

"இன்னாய்யா, கல்லாக் கீது? அவங்க சுண்ணாம்பு கொட்டறப்ப நீ பாத்துக்கினுதான இருந்த?"

லூர்து முகத்தைத் திருப்பினார்.

"வாயத் தொற. உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவன் கொடோன்தான் முழுகும்னு நென்ச்சேன்."

ஜானட் கடப்பாரையை அவர் காலடியில் போட்டாள். கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு கயிறாக அவிழ்த்தாள். புளியந்தோப்பில் அவள் தம்பி சைமனுக்கும் கொட்டகை உண்டு. மாநகராட்சி வண்டி வருவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். லூர்து குறுக்கே வந்து கயிற்றைப் பிடித்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"வழிய வுடு. எருமைங்கள நான் இட்டுகினு போறேன். நீ இங்கியே குந்திக்கினு உன் வீம்பக் கறந்து குடி."