காய்ச்சல் இல்லாதவர்களுக்குத் தெர்மாமீட்டர்

"நாக்கைத் தூக்குங்க, ஆச்சி."

அந்த அறையில் காய்ச்சல் யாருக்கும் இல்லை. இருந்தாலும் டாக்டர் காசிவிஸ்வநாதன் தெர்மாமீட்டரை உதறி, நோயாளியின் மாமியார் வாயில் வைக்கிறார். "நான் எடுக்கிறவரைக்கும் வாயத் தெறக்கப்படாது. ஒடஞ்சா பாதரசம் உள்ள போயிரும்." ஆச்சியின் பேச்சு பாதியில் நிற்கிறது. வைத்தியம் ஆரம்பமாகிறது.

செக்காலையில் அவர் போர்டில் எம்.பி.பி.எஸ். என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. சென்னையில் மனநோய் ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தவர் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் அதை எழுதிப் போட்டால் ஒரு வீட்டாரும் படியேற மாட்டார்கள். "தலைவலிம்பாக, வயித்துவலிம்பாக. நானும் தலையையும் வயித்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். வீட்டுல போயிச் சொல்ல அவுகளுக்கும் ஒண்ணு வேணும்ல?"

தனியாக யாரும் வருவதில்லை. ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் குடும்பமே காரில் வந்து இறங்குகிறது. கேள்வி நோயாளிக்கு, பதில் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து. வெளியே போகச் சொன்னால் கோபித்துக்கொண்டு நோயாளியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காகத்தான் தெர்மாமீட்டர். புதுவயல் அரிசி ஆலைக்காரர் ஒருவர், "வாரப்பல்லாம் எனக்கே வைக்கிறீக, எம்மகனுக்கு ஒரு நாளாவது வச்சுப் பாத்தீகளா?" என்று சண்டைக்கு வந்தாராம். "ஒங்களுக்குத்தானே சூடு" என்றாராம் டாக்டர்.

நாற்காலியை நோயாளிக்கு எதிரே போட மாட்டார். பக்கத்தில் போட்டுக்கொண்டு, இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வேண்டும். "மூஞ்சிக்கு நேரா உக்காந்தா பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல இருக்கும்?" சட்டைப்பையில் எப்போதும் வறுத்த கடலை. தோலோடு ஒரு பிடி எடுத்து நோயாளியின் மடியில் போட்டுவிட்டு, தானும் உரிக்கத் தொடங்குவார்.

டாக்டரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத நான் போயிருந்த அன்று வந்தவள் தேனம்மை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, கணவன் பினாங்கில். தீபாவளியிலிருந்து அவள் பேசுவதில்லை, அடுப்பும் பற்றவைப்பதில்லை. வாசலில் நின்ற வாடகைக் காரில் அவளுடைய பெட்டி ஏற்றியே இருந்தது. இங்கும் வாய் திறக்காவிட்டால் நேரே தாய்வீடு. பிறகு மகனுக்கு வேறு பெண் பார்ப்பார்கள்.

தெர்மாமீட்டர் வருவதற்குள் மாமியார் கண்ணம்மை ஆச்சி இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லியிருந்தார். "ஒரு குறையும் வைக்கல, டாக்டர். எங்க மாமியா என்னைய ஒரு வருஷம் கழிச்சுத்தான் வேறு வச்சாக. இவள நான் மூணாம் மாசமே வேறு வச்சேன். தனி அடுப்பு, தனி அரிசி, தனி வெறகு!" கல்யாணமான மகனும் மருமகளும் அதே வீட்டுக்குள் தனியே பொங்கிச் சாப்பிட ஏற்பாடு செய்வதுதான் வேறு வைப்பது. செட்டிமார் வீடுகளில் அது மருமகளுக்குச் செய்யும் மரியாதை.

டாக்டர் கடலை உரித்தார். அவளும் உரித்தாள், தின்னவில்லை.

"ஒங்க ஆத்தா வீட்டுல எத்தன பேரு?"

விரல்களை விரித்துக் காட்டினாள். இரண்டு கையும் போதவில்லை.

"அத்தன பேருக்கும் யாரு பொங்குவா?"

தன் நெஞ்சைத் தொட்டாள்.

"இங்க?"

அவள் அடுத்த கடலையை உரித்தாள். டாக்டர் மறுபடி கேட்கவில்லை. தெருவில் ஒரு ரிக்‌ஷா போயிற்று. உரித்த பருப்பு அவள் மடியில் சேர்ந்துகொண்டே இருந்தது.

"ஒரு ஆளுக்கு எப்புடிப் பொங்குறதுன்னு தெரியல, டாக்டர்" என்றாள் தேனம்மை. "எம்புட்டுக் கொஞ்சமாப் போட்டாலும் மிஞ்சுது. மிஞ்சுன சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு."

ஆச்சி தெர்மாமீட்டரைத் தானே உருவி எடுத்தார். மருமகள் பேசிவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை.

"இதுக்கா? ஒங்க மாமா பர்மாவுல இருந்தப்ப நானும் ஒத்த ஆளுக்குத்தான் பொங்குனேன். வருஷக்கணக்கா! மிஞ்சுனதுல தண்ணி ஊத்தி மறுநாளும் நானே தின்னேன். என்னைய எந்த டாக்டர்ட்டக் கூட்டியாந்தாக? ஏன்டியம்மா பேசாம இருக்கன்னு என்னைய ஒருத்தராவது..."

ஆச்சி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "அயித்தை" என்று தேனம்மை பதறி எழுந்தாள். கடலை தரையெங்கும் சிதறியது. ஆச்சி அவள் பக்கம் திரும்பாமலே, கதவருகே நின்ற கம்பவுண்டரிடம் சொன்னார்: "டிரைவர்ட்டச் சொல்லுங்க. பெட்டியக் கொண்டுபோயி நம்ம வீட்டுலயே எறக்கட்டும். எம்மகன் வாரவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஒலைதான்."

இத்தோடு முடிந்தது என்று நினைத்து நான் பேனாவை மூடினேன். தேனம்மை ஆச்சியின் கையைப் பிடித்து எழுப்பப் போனாள்.

"ஆச்சி இருக்கட்டும்" என்றார் டாக்டர். "நீங்க ரெண்டு பேரும் செத்த வெளிய இருங்க."

எங்களுக்குப் பின்னாலேயே வந்து, பெஞ்சில் காத்திருந்தவர்களிடம், "நேரமாகும். டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.