சாட்சிக் கூண்டில் சாத்தமுது

ஆடிக் காற்றுக்குப் பயந்து தெருவே ஜன்னலைச் சாத்தி வைத்திருந்த ஒரு காலை. ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் வரதனைப் பார்க்கப் போனேன். படியேறும்போதே குப்பென்று கேஸ் வாசனை.

உள்ளே ஓடினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. குமிழ் திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மனிதர்!

குமிழைத் திருகி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, “என்ன ஓய், வாசனை கூடவா வரலை?” என்று கத்திவிட்டேன்.

“ஜலதோஷம், சுவாமி. மூக்கு அடைச்சிண்டிருக்கு.”

வரதன் கல்யாணச் சமையல்காரர். அவருடைய புளியோதரைக்காகவே முகூர்த்தத் தேதியைத் தள்ளி வைத்த குடும்பங்கள் உண்டு. அவருக்கு ஜலதோஷம் என்றால் நம்பலாம். ஆனால் அந்த முகத்தில் ஜலதோஷம் இல்லை... பயம் இருந்தது.

கோயிலுக்குப் போய்த் திரும்பிய அவர் மனைவி கோமளா, விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “விபத்துலேர்ந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியலை, மாமா. வெளில தெரிஞ்சா யார் தளிகைக்குக் கூப்பிடுவா? வக்கீல்கிட்ட கூடச் சொல்லலை.”

விபத்து பழைய கதை. மணப்பாறை ரோட்டில் ஒரு வேன் பின்னாலிருந்து இடித்து, ஸ்கூட்டரிலிருந்து மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துதான் வீட்டுக்கு வந்தார். ‘பெருமாள் காப்பாத்தினார்’ என்று எல்லோரும் சொன்னோம். வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்கும் போட்டாயிற்று. ஆனால் எதற்கு நஷ்டஈடு? அந்த முக்கியமான சமாச்சாரத்தைத்தான் இருவரும் சொந்த வக்கீலிடமே மறைத்திருந்தார்கள்.

வக்கீல் செல்வராணி மணப்பாறைக்காரர். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “கை கால் போனா ஜட்ஜ் கண்ணுக்குத் தெரியும்ங்க. தலைக்குள்ள போனதை நாமதாங்க காட்டணும். நீங்களே மூடி வச்சா நான் என்னத்தைக் காட்டுறது?”

நரம்பியல் டாக்டரிடம் போனோம். தலைக்காயம் என்றால் நமக்கெல்லாம் ஒரே காயம்தான், இல்லையா? அதில் எத்தனை ரகம் என்று அவர் சொன்னபோதுதான் தெரிந்தது. மண்டையோட்டுக்குக் கீழே ரத்தம் கட்டுவது ஒன்று. மூளையே கன்றிப் போவது ஒன்று. ஸ்கேனில் எதுவும் காட்டாமல் உள்ளே நரம்பு இழைகள் மட்டும் அறுந்து போவது இன்னொன்று. ஒருவருக்கு ஞாபகம் போகும். ஒருவருக்குக் கோபம் கூடும். ஆள் பார்வைக்கு அப்படியேதான் இருப்பார்.

“பின்னாடி அடிபட்டா மூளை முன்னாடி போய் மோதும். வாசனை நரம்பு ரொம்ப மெல்லிசு. அறுந்துடுச்சு. இத்தனை நாள் ஆச்சு... இனிமே திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். காபித்தூள், கிராம்பு என்று ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்துப் பார்த்து, சான்றிதழும் கொடுத்தார்.

வரதன் அசரவில்லை. “மூக்கு போனா என்ன? கைப்பழக்கம் இருக்கே! விபத்துக்கு அப்புறம் எத்தனை தளிகை பண்ணிட்டேன், ஒருத்தர் குறை சொன்னாளா?”

அந்தப் பக்கம் கோமளா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குக் காரணம் போன செவ்வாய்க்கிழமை, திருச்சி கோர்ட்டில்தான் எனக்கு விளங்கியது.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரு போட்டோவை நீட்டினார். ஒரு சஷ்டியப்தபூர்த்தியில், அண்டா முன்னால் கரண்டியோடு நிற்கிறார் வரதன். சாட்சிக் கூண்டில் கோமளா.

“உங்க கணவர் இன்னும் சமைக்கிறார். யாரும் குறை சொல்லலை. அப்புறம் என்னம்மா நஷ்டம்?”

கோமளா கணவர் இருந்த பக்கம் பார்த்தார். வரதன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் வழக்கு போகும். ஒரு மனைவியிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது?

“அவர் அடுப்புக்கு முன்னாடி நிக்கறார், சார்... சமைக்கறது நான்.”

“சாத்தமுது... ரசம், சார். அவர் இறக்கினதும், பரிமாறப் போறச்சே நான் பொடி சேர்ப்பேன். பருப்பு அடிபிடிச்சா நான்தான் ஓடிப்போய் மாத்துவேன். அவருக்குத் தெரியாது. ரெண்டு அடுப்புல ஒரே சமயம் தீஞ்சா என்னால முடியாது. அதனால பெரிய கல்யாணம் எல்லாம் நானே வேண்டாம்னு சொல்லிண்டிருக்கேன்.”

“வாசனை தெரியலேன்னா நாக்குல வச்சு ருசி பார்க்கலாமே?”

“பெருமாளுக்கு அமுது பண்றதுக்கு முன்னாடி நாங்க வாயில வைக்கறதில்லை, சார். காத்துல வர வாசனைதான் எங்களுக்கு எல்லாம்.”

செல்வராணி எழுந்தார். சான்றிதழில் போட்டிருக்கும் ஊனம் வேறு, தொழிலில் இழந்தது வேறு என்றார். கால் போனால் கணக்கெழுதுபவருக்கும் பஸ் டிரைவருக்கும் ஒரே நஷ்டமா என்று கேட்டார். நீதிபதி குறித்துக்கொண்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. நியாயமாக வரும் என்று நம்புகிறேன்.

ஆனால் எனக்கு அன்றைய கவலை தீர்ப்பு அல்ல. வெளியே டீக்கடையில் மூன்று காபி சொன்னேன். வரதன் டம்ளரை வாங்கி, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தாழ்த்திக்கொண்டார்.

கோமளா அழுதுகொண்டிருந்தார். “மன்னிச்சுக்கோங்கோ... எல்லார் எதிர்லயும்...”

“எதுக்கு அழறே?” என்றார் வரதன். “நீ பொடியை அள்ளிப் போடறச்சே எல்லாம் பார்த்துண்டுதான் இருந்தேன். மூக்குதானே போச்சு, கண்ணு போகலையே.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“நீ மட்டும் சொன்னியா?”

நான் காபியைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

திரும்பும் வழியில் கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றை வாங்கி, அவர்கள் சமையலறையில் மாட்டிக் கொடுத்தேன். மாட்டி முடிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வரதன், மனைவி பக்கம் திரும்பினார்.

“கோமளா, இனிமே நீ தைரியமா கோயிலுக்குப் போயிட்டு வா. ஆத்துல இன்னொரு மூக்கு வந்துடுத்து.”