ஒரு சென்ட் நெல்

காலை ஏழு மணி, மூன்று வயல், பச்சையம்மாள் என்று ஒரே பட்டாதாரர்: கர்ணமாக என் முதல் நாள் இப்படித்தான் தொடங்கியது. எந்த வயலில் என்ன பயிர் என்று நேரில் பார்த்து அடங்கலில் எழுதுவது எங்கள் தொழில். வெயிலில் வரப்பு மிதித்த சக கர்ணங்களே, பார்க்காமலே எழுதுவதும் எங்கள் தொழில்தான் என்பதை உங்களிடம் மறைத்து என்ன பயன்?

போகம்

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றை ஒட்டிய நஞ்சை அது. ஐந்தாம் வருஷம் வயலுக்குப் போக அலுத்து, போன வருஷப் புத்தகத்தைப் பார்த்து 'நெல்' என்று எழுதிவிட்டேன். தணிக்கைக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மூன்றாவது வயலுக்கு அழைத்துப் போனார். வரப்புக்கு வரப்பு ஆட்டுத்தோல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த பச்சையம்மாளின் மகன், முதலாளிக்கு இடம் விட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் தோலைப் பார்த்தார், என் புத்தகத்தைப் பார்த்தார்.

"இது வருஷத்துக்கு எத்தனை போகம் விளையுது, ஐயா?"

வாய்க்கால்

மீதி இரண்டு வயலில் கேழ்வரகு போட்டார்கள். தோல் ஷாப்புக் கழிவு ஊறிக் கிணறு உப்பாகி அதுவும் கருகியது. முதலாளி காதர் சாயபு நல்ல மனுஷர். அவர் வீட்டுக் குடிதண்ணீரே ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வண்டியில்தான் வந்தது. கழிவுத் தண்ணீரைப் பற்றி பச்சையம்மாள் அவரிடம் முறையிட்டதாகக் கேள்விப்பட்டு அவரையே விசாரித்தேன்.

"அம்மா கேட்டாங்கன்னு வாய்க்கால வயலுக்கு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் மாத்திட்டேன். இன்னும் இன்னா செய்யறது, கர்ணம்?"

நாற்றங்கால்

அடுத்த வருஷம் மூன்று வயலும் சும்மா கிடந்தன. அடங்கலில் 'தரிசு' என்று விழுந்தால் அம்மாவால் தடுக்க முடியாது, முதலாளிக்கே விற்றுவிடலாம் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான். தரிசு நிலத்தைக் கட்டிக்கொண்டு யார் அழுவது என்பது அவன் கட்சி.

இந்த முறை வயலில் இறங்கினேன். ஒரு மூலையில் பச்சை தெரிந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாய்த் தலையில் சுமந்து, பச்சையம்மாள் நாற்று விட்டிருந்தாள். அளந்தேன், இழுத்துப் பிடித்தால் ஒரு சென்ட். அந்தப் பக்கம் நாற்று வாசனை அடித்து இரண்டு மூன்று வருஷமாகியிருந்தது. வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் நின்றேன். இதைப் பறித்து எங்கே நடப் போகிறாய் என்று கேட்டேன்.

"நடறதுக்கு இல்லீங்க. நீங்க எழுதறதுக்குத்தான் வளத்தேன்."

'நெல், ஒரு சென்ட்' என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் இவ்வளவு சரியாக அளந்து எழுதிய வரி வேறில்லை. 1934 தை மாதம் மூன்று வயலும் தோல் ஷாப்பு மனை என்று பதிவாயின.